நகராத சைக்கிளும் நம் பிள்ளைகளின் கால்களும்

வீட்டுக்குள் ஓர் அறையில் சைக்கிளை ஆணியடித்தாற்போல் நிறுத்தி வைத்துக்கொண்டு ஒரு கனவான் மூச்சிரைக்க மிதிக்கிறார். சைக்கிள் ஓர் அங்குலம்கூட நகரவில்லை. ஆனாலும் அவர் பந்தயத்தில் ஓடிக்கொண்டிருக்கிறார்! அவரோடு போட்டியிடுகிறவர்களில் ஒருவர் ஜெர்மனியிலும், ஒருவர் ஆஸ்திரேலியாவிலும், மற்றொருவர் பெங்களூரிலும் தத்தம் வீட்டு அறைகளில் இருக்கிறார்கள். எதிரே இருக்கும் திரையில் இவர்கள் எல்லோருடைய பொம்மை உருவங்களும் ஒரே சாலையில் ஓடுகின்றன. யார் முந்துகிறார் என்று பல தேசத்து ஜனங்கள் பார்க்கிறார்கள். ஜெயித்தவருக்கு உலக சாம்பியன் பட்டமே கொடுக்கிறார்கள்.

இதைக் கேட்டால் சங்ககிரிப் பக்கத்துத் தறித் தொழிலாளி சிரிப்பார். "விடியுமுன்னே மிதித்துக்கொண்டு பட்டறைக்குப் போய், நாள் முழுக்க நின்று, இருட்டியபின் மிதித்துக்கொண்டு வீடு வருகிறோமே, எங்களுக்கு எவன் பட்டம் கொடுத்தான்?" என்று கேட்பார். நியாயமான கேள்விதான். என்றாலும், பணக்காரர் வீட்டு விளையாட்டு என்று சிரித்துவிட்டு இந்த விஷயத்தை ஒதுக்கிவிடக் கூடாது என்பது நம் அபிப்பிராயம். இந்த யந்திரத்தில் நமக்கு வேண்டிய ஒரு குணம் இருக்கிறது. அது இன்று இருக்கிற இடம்தான் சரியில்லை.

முதலில் யந்திரத்தைத் தெரிந்துகொள்வோம். மில்லில் வேலை பார்த்தவருக்கு இது சுலபமாகப் புரியும். சைக்கிளின் பின் சக்கரத்தைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் கனமான ப்ளைவீல் வைத்த ஒரு பெட்டியை மாட்டுகிறார்கள். சைக்கிள் செயின் அந்தப் பெட்டியின் பல்சக்கரத்தின்மேல் ஓடுகிறது. மிதித்தால் ப்ளைவீல் சுற்றும். பக்கத்தில் ஒரு மின்காந்தம் இருக்கிறது. அதற்குக் கரண்டைக் கூட்டினால் ப்ளைவீலைப் பிடித்து இழுக்கும், மிதி கனக்கும். கரண்டைக் குறைத்தால் மிதி லேசாகும். திரையில் மேடு வந்தால் கம்ப்யூட்டர் தானே கரண்டைக் கூட்டிக்கொள்கிறது; இறக்கம் வந்தால் விட்டுக்கொடுக்கிறது. மிதிக்கிறவர் எத்தனை வாட் சக்தி கொடுக்கிறார் என்று நொடிக்கு நொடி அளந்து, கம்பியில்லாமல் கம்ப்யூட்டருக்குச் சொல்லிக்கொண்டே இருக்கிறது. அந்தக் கணக்குப்படி பொம்மை முன்னே போகும், பின்னே தங்கும். இந்தப் பெட்டிக்கு ஸ்மார்ட் டிரெய்னர் என்று பெயர்.

பந்தயச் சாலைகளைத் திரையில் கட்டி வைத்திருக்கும் கம்பெனிகளில் பேர்பெற்றது ஸ்விப்ட். 2014-ல் அமெரிக்காவில் கலிபோர்னியா மாகாணத்து லாங் பீச் நகரில் தொடங்கியது. பனிக்காலத்தில் வெளியே சைக்கிள் விட முடியாத சீதள தேசங்களில் இது வேகமாகப் பரவிற்று. பிரான்ஸ் தேசத்து மலைப்பாதை ஒன்றை 21 கொண்டை ஊசி வளைவுகளோடு அப்படியே நகல் எடுத்துத் திரைக்குள் வைத்திருக்கிறார்கள். அதில் ஏறி முடிப்பது பெரிய வீரம் என்று பேசுகிறார்கள். நம் கொல்லிமலையில் 70 வளைவு இருக்கிற சேதி அவர்கள் காதுக்கு எட்டவில்லை போலும்!

வாட் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். தறி மோட்டாரின் தகட்டில் குதிரை சக்தி என்று போட்டிருக்கிறதே, அந்தச் சக்தியை அளக்கும் சின்னப் படிதான் வாட். ஒரு குதிரை சக்திக்கு 746 வாட். நல்ல தேகக்கட்டு உள்ள ஓர் உழைப்பாளி எட்டு மணி நேரம் தொடர்ந்து கொடுக்கக்கூடிய சக்தி சுமார் 75 வாட் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அப்படியானால் ஒரு மனிதன் காலை முதல் மாலை வரை உடம்பைப் பிழிந்து கொடுக்கும் பாடு மொத்தம் 0.6 யூனிட் கரண்டுக்குச் சமம். ஒரு குதிரை சக்தி மோட்டார் முழுப் பளுவில் ஒரு மணி நேரம் ஓட அது பற்றாது. மோட்டார் வந்தபின் மனிதன் மாடு மாதிரி இழுக்க வேண்டியதில்லை என்பது இதனால் விளங்கும்; ஆனாலும் கரும்பு வெட்டுகிறவரும் லாரியில் மூட்டை ஏற்றுகிறவரும் இன்னும் இந்த 0.6 யூனிட்டைத்தான் விற்றுக்கொண்டிருக்கிறார்கள்.

சிறந்த பந்தய வீரரின் கணக்கு வேறு. தன் எடையில் கிலோவுக்கு 6 வாட் வீதம் 20 நிமிஷம் விடாமல் கொடுப்பார். 65 கிலோ ஆள் என்றால் 390 வாட். அதாவது அரைக் குதிரைக்கு மேல். இது லட்சத்தில் ஒருவருக்கு வாய்க்கும் உடம்பு. ஆனால் அந்த ஒருவர் எந்த ஊரில் பிறப்பார் என்று யாரும் எழுதி வைக்கவில்லை. வெப்படை நூல் மில்லில் கோன் மாற்றுகிற பெண்ணாக இருக்கலாம். தேவூர்ப் பக்கம் கரும்புத் தோட்டத்தில் களை எடுக்கிறவர் மகனாக இருக்கலாம். அளந்து பார்த்தால்தானே தெரியும்?

அளக்கும் இந்தக் குணத்தைத்தான் நாம் சொல்கிறோம். இந்தப் பெட்டி ஜாதி கேட்பதில்லை. அப்பன் பெயர் கேட்பதில்லை. பெரிய மனிதரின் சிபாரிசுக் கடிதத்தைப் பல்சக்கரத்தில் மாட்ட முடியாது. 20 நிமிஷம் மிதித்தால் ஒரு எண்ணைச் சொல்லும், அவ்வளவுதான். தேர்வுக் குழு என்றும் சங்கம் என்றும் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறவர்கள் பார்த்துப் பார்த்துப் பொறுக்குகிற விளையாட்டு உலகத்தில் இது சாமானியமான விஷயமல்ல.

வாய்ப்பேச்சுக்காகச் சொல்லவில்லை, நடந்திருக்கிறது. சர்வதேச சைக்கிள் சம்மேளனம் இந்த வீட்டுப் பந்தயத்துக்கு முதன்முறையாக உலகச் சாம்பியன் போட்டி நடத்தியது 2020 டிசம்பர் 9 அன்று. பெண்களும் ஆண்களும் ஒரே 50 கிலோமீட்டர் தூரம் ஓடினார்கள். பெண்களில் தென்னாப்பிரிக்காவின் ஆஷ்லி மூல்மன் பாசியோ ஜெயித்தார். ஆண்களில் ஜெயித்த ஜெர்மானியர் ஜேசன் ஆஸ்போர்ன் சைக்கிள் வீரரே அல்ல, துடுப்புப் படகு வலிக்கிறவர்! மறு வருஷம் டோக்கியோ ஒலிம்பிக்கில் படகுப் போட்டியில் வெள்ளி வாங்கினார். பிறகு பெரிய சைக்கிள் அணி ஒன்று அவரைச் சம்பளம் கொடுத்து எடுத்துக்கொண்டது. ஆஸ்திரேலியாவின் ஜே வைன் 2020-ல் ஸ்விப்ட் கம்பெனி நடத்திய தேர்வில் வாட் கணக்கில் தேறி ஐரோப்பிய அணியில் இடம் பிடித்தார். 2022-ல் ஸ்பெயின் தேசத்தைச் சுற்றும் மாபெரும் பந்தயத்தில், நிஜ மலையில், நிஜ வெயிலில், இரண்டு நாள் ஓட்டங்களை ஜெயித்துக் காட்டினார். அறைக்குள் எடுத்த மதிப்பெண் சாலையிலும் செல்லும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை.

நம் தேசத்திலும் ஓர் உதாரணம் உண்டு. அமெரிக்காவைக் கரைக்குக் கரை கடக்கும் நெடும்பந்தயம் 2020-ல் கொரோனாவால் நின்றுபோயிற்று. அதற்குப் பதிலாக அவரவர் வீட்டிலிருந்தே ஓடலாம் என்று ஏற்பாடு செய்தார்கள். இந்திய ராணுவ அதிகாரி பரத் பன்னு பெங்களூரில் ஓர் அறையில் 12 நாட்கள் மிதித்து, 4,000 கிலோமீட்டருக்கு மேல் கடந்து, மூன்றாவது இடம் பெற்றார். பன்னிரண்டு நாள் ஒரே சுவரைப் பார்த்துக்கொண்டு!

இதைப் படிக்கும்போது பெரியவர்களுக்கு ஊர் மைதானத்தில் நடந்த சைக்கிள் சுற்று ஞாபகம் வரும். ஒரு வாலிபர் வருவார். கம்பம் நட்டு, குழாய் ஒலிபெருக்கி கட்டி, ஏழு நாள் சைக்கிளை விட்டு இறங்காமல் வட்டமடிப்பார். சாப்பாடு, குளியல் எல்லாம் சைக்கிள் மேலேயே. ஜனங்கள் நாலணாவும் எட்டணாவும் சட்டையில் குத்திவிடுவார்கள். ஏழாம் நாள் மாலையோடு இறங்கி அடுத்த ஊருக்குப் போய்விடுவார். அந்த வாலிபர்களில் எத்தனை பேர் உலகத் தரத்து வீரர்களாக இருந்தார்களோ! அளக்க ஒரு கருவியும் இல்லை. கேட்க ஒரு நாதியும் இல்லை.

இன்னொரு பழைய கதையும் உண்டு. எங்கும் போய்ச் சேராமல் மிதித்துக்கொண்டே இருப்பது ஒரு காலத்தில் தண்டனையாக இருந்தது. 1818-ல் வில்லியம் கியூபிட் என்ற இங்கிலாந்து எஞ்சினீயர் சிறைக் கைதிகளுக்கென்றே மிதிசக்கரம் கண்டுபிடித்தார். அதே வெள்ளைக்காரன் ஆட்சிதான் கோயம்புத்தூர்ச் சிறையில் வ.உ.சி.யைச் செக்கிழுக்க வைத்தது. இன்று அதே மாதிரி வேலையை ஜனங்கள் காசு கொடுத்துச் செய்கிறார்கள் என்றால் காலத்தின் கோலம் என்றுதான் சொல்ல வேண்டும். வித்தியாசம் ஒன்றே ஒன்று: இவர்கள் வேண்டும்போது இறங்கிக்கொள்ளலாம்.

காசு எவ்வளவு? ஸ்விப்ட் சந்தா 2015-ல் மாதம் 10 டாலர். 2017-ல் 15 டாலர். 2024-ல் 20 டாலர். நம் காசில் 1,600 ரூபாய்க்கு மேல். டிரெய்னர் பெட்டியின் விலை நம் நாட்டில் சாதாரண ரகமே நாற்பது, ஐம்பதாயிரத்தைத் தொடும். உசத்தி ரகம் லட்சத்தைத் தாண்டும். அப்புறம் கியர் வைத்த சைக்கிள், கம்ப்யூட்டர், மின்விசிறி. நம் பிள்ளைகளிடம் சைக்கிள் இல்லாமல் இல்லை. 2001-ல் தாழ்த்தப்பட்ட, பழங்குடி மாணவிகளுக்கென்று தொடங்கிய இலவச சைக்கிள் திட்டம் பிற்பாடு அரசுப் பள்ளிகளின் பதினோராம் வகுப்புப் பிள்ளைகள் எல்லோருக்கும் விரிந்தது, நல்ல திட்டம்தான். ஆனால் அந்த சைக்கிளை இந்தப் பெட்டியில் மாட்ட முடியாது. பின் அச்சின் அளவே வேறு. சர்க்கார் சைக்கிள் பள்ளிக்கூடம் வரை கொண்டுபோய் விடும். பந்தயத்துக்கு வேறு வண்டி பிடிக்க வேண்டும்.

கம்பெனிகளைப் பற்றி நமக்கு மயக்கம் ஏதும் வேண்டாம். கொரோனாக் காலத்தில் ஜனங்கள் வீட்டுக்குள் அடைபட்டபோது இந்த வியாபாரம் கொழித்தது. 2020 செப்டம்பரில் ஸ்விப்டுக்குள் 45 கோடி டாலர் முதலீடு வந்து இறங்கியது. கேகேஆர் என்ற பெரிய நிதி நிறுவனம் அதற்குத் தலைமை தாங்கியது. ஊரடங்கு விலகி ஜனங்கள் வெளியே போனதும் கிராக்கி குறைந்தது. 2022 மே மாதம் அதே கம்பெனி சுமார் 150 தொழிலாளர்களை வீட்டுக்கு அனுப்பியது. ஆர்டர் குறைந்தால் ஆளைக் குறைப்பது பள்ளிபாளையத்தில் நடந்தாலும் கலிபோர்னியாவில் நடந்தாலும் ஒரே மாதிரிதான் இருக்கிறது.

இனி பித்தலாட்டத்தைப் பற்றி. யந்திரம் நேர்மையானதென்றால் ஆள் நேர்மையாக இருக்க வேண்டுமென்பதில்லையே! கிலோவுக்கு இத்தனை வாட் என்பதுதான் வேகத்தின் சூத்திரம் என்று பார்த்தோம். எடையை யார் எழுதுகிறார்கள்? அவரவரே. 72 கிலோ ஆள் 65 என்று எழுதினால் திரையில் மேடு ஏறுவது சுலபமாகிவிடும். 2019-ல் பிரிட்டனில் நடந்த முதல் தேசியப் போட்டியில் ஜெயித்தவர், ஐம்பதாயிரம் மீட்டர் உயரம் ஏறியவருக்கு மட்டுமே கிடைக்கும் வேகமான திரை சைக்கிள் ஒன்றை, தான் மிதிக்காமல் பொய்க் கணக்கு ஊட்டிச் சம்பாதித்திருந்தார் என்பது பின்னால் வெளிப்பட்டது. பட்டத்தைப் பிடுங்கி, 250 பவுண்டு அபராதமும் ஆறு மாதத் தடையும் போட்டார்கள்.

இதற்கு அவர்கள் கண்டுபிடித்த பரிகாரம் கவனிக்கத்தக்கது. 2024 அக்டோபரில் அபுதாபியில் உலகச் சாம்பியன் போட்டி நடந்தபோது இறுதிச் சுற்றுக்கு வந்தவர்களை அவரவர் வீட்டில் விட்டு வைக்கவில்லை. எல்லோரையும் ஒரே மண்டபத்துக்கு வரவழைத்து, வரிசையாகப் பெட்டிகளை வைத்து, ஜனங்கள் முன்னால் மிதிக்க வைத்தார்கள். (அதிலும் ஜெயித்தவர் அந்தப் படகுக்காரர் ஆஸ்போர்ன்தான்.) தனி அறையில் பிறந்த பந்தயம் நேர்மைக்காகப் பொது மண்டபத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறது!

நாம் கேட்பதும் அதுதான். பொது மண்டபத்தில் ஒரு பெட்டி.

சங்ககிரியைச் சுற்றிலும் எத்தனை வாலிபர்கள்! குமாரபாளையம், பள்ளிபாளையம், எடப்பாடி, திருச்செங்கோடு என்று தறி ஓடாத ஊர் இல்லை. லாரிப் பட்டறைகளில் பையன்கள். நூல் மில்களில் வெளி ஜில்லாவிலிருந்தும் ஒரிசா, பீகாரிலிருந்தும் வந்து விடுதிகளில் தங்கியிருக்கிற இளம் பெண்கள். தனித்தனியாக எவரும் இதை வாங்க முடியாது. ஆனால் பெட்டி ஓர் ஆளுக்கு ஒன்று என்று இருக்க வேண்டியதில்லையே. தறி மூன்று ஷிப்டு ஓடுகிறதல்லவா? இதையும் ஷிப்டு வைத்து ஓட்டலாம். உடம்பைச் சூடேற்ற 20 நிமிஷம், பரீட்சை 20 நிமிஷம் என்றால் மாலையில் நாலு மணி நேரத்தில் ஆறு பேர். ஒரு வாரத்தில் நாற்பது பேர். ஒரு வருஷத்தில் தாலுகாவின் வாலிபர்களில் இரண்டாயிரம் பேருடைய கால்களை அளந்து பார்த்துவிடலாம். சிக்கனமாகப் பார்த்தால் பெட்டி, பல அளவு ஆட்களுக்கும் சீட்டை ஏற்றி இறக்கக்கூடிய ஒரு கியர் சைக்கிள், பழைய கம்ப்யூட்டர் எல்லாம் சேர்ந்து ஒரு லட்சத்தைச் சுற்றி முடியும். சந்தாவும் கட்டாயமில்லை, அபுதாபிப் போட்டியை நடத்திய மைவூஷ் என்ற அமைப்பு காசு வாங்காமலே உள்ளே விடுகிறது. இன்றைக்கு இலவசம் என்கிறவர்கள் நாளைக்கு விலை சொல்லலாம்தான். ஆனால் பெட்டி நம்முடையதாக இருந்தால், கம்ப்யூட்டரே இல்லாமல்கூட வாட் எண்ணைச் சாதாரண செல்போனில் படித்துக்கொள்ளலாம்.

"வயிற்றுக்கே வழியில்லை, வாட் எதற்கு?" என்று ஒரு கேள்வி வரும். இந்தக் கேள்வியை நாம் மதிக்கிறோம். கிலோவுக்கு வாட் என்ற கணக்கில் ஓர் ஆபத்தும் உண்டு. எடையைக் குறைத்தால் எண் ஏறும் என்று பட்டினி கிடந்து உடம்பைக் கெடுத்துக்கொண்ட வீரர்கள் மேல்நாட்டில் இருக்கிறார்கள். நம் பிள்ளைகளுக்கு எடை குறைக்கச் சொல்லித்தர யாரும் வேண்டாம். காலுக்குச் சக்தி வருவது சோறு, பருப்பு, முட்டையிலிருந்துதான். ஆகவே பெட்டி கேட்கிறபோது கூடவே அங்கே பழகுகிற பிள்ளைக்குத் தினம் இரண்டு முட்டையும் பாலும் கேட்க வேண்டும். முட்டைக்குப் பேர்போன நாமக்கல் பக்கத்திலேயே இருக்கிறது. தூரத்திலிருந்து வரவழைக்க வேண்டியதில்லை.

"சாலை இருக்கிறதே, சாலையில் பழகட்டுமே" என்பது இன்னொரு கேள்வி. சேலம்–கோவை நெடுஞ்சாலையில் லாரிகளுக்கு நடுவே மணிக்கு நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் சைக்கிள் பழகச் சொல்லி எந்தத் தாயும் அனுப்பமாட்டாள். வசதியுள்ளவர்கள் அந்தச் சாலையை விட்டு அறைக்குள் போய்விட்டார்கள். ஷிப்டுக்குப் போகிற தொழிலாளி இன்னும் அதன் ஓரத்தில்தான் மிதித்துக்கொண்டிருக்கிறார். அவருக்குத் தனிப் பாதை வேண்டுமென்ற கோரிக்கை பெட்டி வந்தாலும் அப்படியே இருக்கும். ஒன்றைக் காட்டி மற்றதை மறக்கடிக்க இடம் தரக் கூடாது.

பெண்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 1991, 92-ல் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் எழுத்தோடு சேர்த்து சைக்கிளும் கற்றுக்கொடுத்தபோது ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமத்துப் பெண்கள் சைக்கிள் ஏறினார்கள். குவாரியிலும் வயலிலும் வேலை செய்த பெண்கள் அவர்கள். கேலி பேசினவர்கள் ஓய்ந்துபோனார்கள். 2004 சுனாமியில் சிறுமியாக மரத்தைப் பற்றிக்கொண்டு உயிர் பிழைத்த அந்தமான் தீவின் டெபோரா ஹெரால்டு பின்னாளில் நாட்டின் முன்னணி சைக்கிள் வீராங்கனையானார். அதே தீவுகளின் இசோ ஆல்பன் 2018-ல் இளைஞர் உலகப் போட்டியில் வெள்ளி வாங்கினார். இந்த வரைபடத்தில் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டிய தீவுகள் அவை. அங்கே இருந்த கால்கள் இங்கே இருக்காதா? இரவில் மில் விடுதியை விட்டு வெளியே சைக்கிள் விட முடியாத பெண்ணுக்கு, நாலு சுவருக்குள் பத்திரமாக நின்று உலகத்தோடு ஓடிப் பார்க்க இந்தப் பெட்டி ஒன்றுதான் வழி.

இடம் பெரிதாக வேண்டாம். அரசுப் பள்ளியிலோ பேரூராட்சிக் கட்டிடத்திலோ காற்றோட்டமுள்ள ஓர் அறை போதும். தரையில் ரப்பர் விரிப்பு, இரண்டு பெரிய மின்விசிறி, குடிதண்ணீர். சித்திரை வெயிலில் விசிறி இல்லாமல் இதை மிதித்தால் ஆள் மயங்கி விழுந்துவிடுவார். எல்லோர் கண்ணுக்கும் முன்னால் ஒரு நல்ல தராசு (ரேஷன் கடைத் தராசைச் சொல்லவில்லை). மிதித்தவர் பெயர், எடை, வாட் மூன்றையும் சுவரில் பகிரங்கமாக எழுதிவைக்க ஒரு கரும்பலகை. பெண்களுக்குத் தனி நேரம். முக்கியமாக, மாலை ஐந்து மணிக்கு உத்தியோகஸ்தர் பூட்டிக்கொண்டு போகிற அறையாக அது இருக்கக் கூடாது. ஷிப்டு விட்டு வருகிறவர்களுக்காக இரவு பத்து மணி வரை திறந்திருக்க வேண்டும். சாவி அங்கே பழகுகிற வாலிபர்களிடமே இருக்கட்டும்.